காத்து வழி

சார், தலைக்கு மேல இருக்கற அந்த ஏசி மூடிய கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கட்டுமா? புழுக்கம்லாம் இல்ல. காத்து எவ்ளோ வேகமா வருதுன்னு பாக்கணும், அவ்ளோ தான். ஆங், போதும். நல்லாத் தான் வருது.

நீங்க ஓசூரா? பெங்களூரா. அப்ப நான் எறங்குன பிறகு கால நீட்டிக்கலாம். நான் ஓசூர். பூ வாங்கப் போறேன், ரோஜாப் பூ. நமக்கு அம்பத்தூர்ல பந்தல் வேலை. கோதண்டம் பந்தல்னு கேட்டா கண்ணத் தெறக்காமயே வழி சொல்லுவாங்க. மடியில இருக்கறதா? இது பிளாஸ்டிக் சீட்டு சார். பூவ மூடிக் கொண்டாரதுக்கு. பஸ் டிக்கியில இன்னும் நாலு மூட்டை இருக்குது. பூ நெறைய வாங்குவேன்.

உங்களுக்குப் பொண்ணு இருக்குதா சார்? பையனா. சரி, பையனாவே இருக்கட்டும். அவன் உங்கள என்னிக்காச்சும் சார்னு கூப்பிட்டிருக்கானா? சிரிக்காதீங்க. என்னைக் கூப்பிட்டுச்சு, நான் பெத்த பொண்ணு. வீட்ல "நீ வா, நீ போ" தான். அன்னிக்கு "சார், நீங்க". அதுவும் ஒரு ஹால் ஆளுங்க முன்னாடி. இப்ப நான் உங்கள சார்ங்கறேன். ஏன்? நீங்க யாரோ, நான் யாரோ. தெரியாதவங்களத் தான சார்னு கூப்பிடறது. நீங்களே சொல்லுங்க நாயத்த. அவசரமில்ல, முழுசாக் கேட்டுட்டு சொல்லுங்க.

என் பொண்ணு வேலை என்னான்னா, கம்ப்யூட்டருக்கு வீடு கட்றாங்க சார். பெரிய கல்யாண மண்டபம் கணக்கா இருக்கும், ஆனா ஒரு சன்னல் கெடையாது. உள்ள பூரா கம்ப்யூட்டர அலமாரி அலமாரியா அடுக்குவாங்களாம். நாம போன்ல படம் பாக்கறது, டிக்கெட் போடறது எல்லாம் அதுக்குள்ள பூந்து தான் வருதாம். அது சூடாவும். சூடானா படுத்துக்கும். அதனால செவுத்தோரமா ஏசி நிக்குது, ஒவ்வொண்ணும் பீரோவ விடப் பெருசு. கம்ப்யூட்டர் வந்து எறங்கறதுக்கு முன்னாடியே அந்த ஏசிங்க தாங்குமா தாங்காதான்னு சோதிச்சுப் பாக்கணும். சோதிக்கறது தான் என் பொண்ணு. இஞ்சினியர்.

எப்படி சோதிப்பாங்க தெரியுமா? கம்ப்யூட்டர் நிக்க வேண்டிய எடத்துல எல்லாம் ஹீட்டர் வெச்சு எரிய விடுவாங்க. அந்தப் பக்கம் ஏசியப் போட்டுக் குளுர விடுவாங்க. நடுவுல ஒரு ஏசிய வேணும்னே அணைப்பாங்க, மத்ததுங்க சமாளிக்குதான்னு. நான் கேட்டேன், ஏம்மா ரெண்டையுமே போடாம இருந்தா ஹாலு அது பாட்டுக்கு சும்மா இருக்குமேன்னு. சிரிச்சா. அப்பல்லாம் சிரிப்பா.

இதுல ஒரு சிக்கல். ஹீட்டருக்கு முன்னால குளிர் காத்து, பின்னால அனல். ரெண்டும் கலக்கவே கூடாது. கலந்தா ஏசி நல்லதா கெட்டதான்னே தெரியாது. அதுக்குன்னு கண்ணாடித் தடுப்பு கப்பல்ல வருது. வருது, வருது, வந்தபாடில்ல. சோதனைக்கு நாள் குறிச்சாச்சு. சரி, தற்காலிகமா பிளாஸ்டிக் சீட்டுல தடுப்பு கட்டிக்கலாம்னு யாரையோ விட்டுக் கட்டியிருக்காங்க. காலைல கட்டினா சாயங்காலம் அவுந்து வுழுது. பொண்ணு வீட்டுக்கு வந்து தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டு அதையே பாத்துக்கினு உக்காந்திருக்கா. நான் சொன்னேன், "தற்காலிகமாக் கட்றதுக்குப் பேரு தான் பாப்பா பந்தல்."

ஒடனே சரின்னு சொல்லல சார். அங்கயே எனக்குக் கொஞ்சம் வருத்தம். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து தான், "அப்பா, நீ எனக்கு அப்பான்னு அங்க யாருக்கும் தெரியக் கூடாது. வேற ரெண்டு பேரையும் கேட்டிருக்காங்க, நீயும் வந்து கேளு. உன் வேலை பிடிச்சா அவங்களே குடுப்பாங்க. நான் வாயத் தெறக்க மாட்டேன்"னா. குடுத்தாங்க. எனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு சொன்னா. "இது நானே முன்ன நின்னு நடத்தற மொத வேலைப்பா. இத்தினி நாளா யாராச்சும் ஒருத்தர் பின்னாடி நின்னுக்கினு எழுதிக் குடுத்துட்டிருந்தேன். இது சரியா வரலன்னா மறுபடி பின்னாடி போய் நிக்கணும். அங்க என்னைப் பாப்பான்னு மட்டும் கூப்பிடாத. பேரச் சொல்லு."

பேரு எழிலரசி. நான் வெச்ச பேரு தான். வெச்சேனே தவிர கூப்பிட்டதில்ல. அது பள்ளிக்கூடத்துக்கு வெச்ச பேரு சார். வீட்டுக்குப் பாப்பா.

அவ எனக்குப் புரியற மாதிரி தான் சொல்லிக் குடுத்தா, பொய் சொல்லக் கூடாது. "கல்யாணத்துல சமையல் கொட்டாயத் தனியா மறைப்பியே, அனல் பந்திக்கு வரக் கூடாதுன்னு, அதே தான்ப்பா. ஆனா மேல, கீழ, பக்கத்துல எங்கயும் இடைவெளி இருக்கக் கூடாது. கைய வெச்சா காத்து தெரியக் கூடாது." நானும் தலையாட்டினேன். ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குது இல்ல. பந்தல் போடறவன் எவன வேணா கேளுங்க, காத்து வழி விடாம கட்டவே மாட்டான். மேல கொஞ்சம் விடணும், சீட்டுல அங்கங்க அரை நிலாவா வெட்டணும். காத்துக்கு நாம வழி விடலன்னா அது நம்ம பந்தல வழியனுப்பி வெச்சிடும். ஆவடியில ஒருத்தன் காத்து வழி விடாம கட்டி, பந்தலு போய் ரயில் தண்டவாளத்துல உக்காந்துச்சு. மாப்பிள்ளை வந்த ரயிலயே நிறுத்திடுச்சு.

சன்னலே இல்லாத ஹால்ல காத்து எங்கிருந்து வரும்னு கேக்கறீங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. காத்து என்னா சார், சொல்லிட்டா வருது?

நானும் நாலு பசங்களும் போய்க் கட்டினோம். முதல் கம்பம் நிறுத்தும்போது பால் ஊத்தணும்னேன், "அது தரை இல்ல, கீழ பூரா வயரு"ன்னு வாசல்லயே தடுத்துட்டாங்க. சரின்னு கம்பத்து மேல ஒரு விரல் மஞ்சள் மட்டும் தடவினேன். அத யாரும் பாக்கல. சீட்டு அவங்க குடுத்தது, தீப்பிடிக்காத சீட்டாம். நல்ல கனம். மேல, கூரை ஓரமா நாலு விரக்கட காத்து வழி விட்டேன். அரை நிலா வெட்டும் போட்டேன். வெட்டு அசிங்கமாத் தெரியுதேன்னு, மிச்சமிருந்த சீட்டுலயே ஜாலர் தெச்சு மேல சுத்திக் கட்டிவிட்டேன். அடுக்கடுக்கா மடிப்பு வெச்சு. அவங்க கேக்கவேயில்ல, நானே செஞ்சது. நம்ம பொண்ணு வேலை இல்ல?

சோதனை அன்னிக்கு நானும் போனேன். அவசரத்துக்கு ஆளு வேணுமில்ல. தலையில தொப்பி, கால்ல பூட்ஸு எல்லாம் மாட்டிவிட்டாங்க. உள்ள போனா எதிர்ல வர்றா. அவளும் தொப்பி. என்னைப் பாத்து, "வாங்க சார்"னா. என் பின்னாடி யாரோ வர்றாங்கன்னு திரும்பிப் பாத்தேன் சார். யாரும் இல்ல.

சரி, சொல்லி வெச்சது தானே, விடுன்னு ஓரமா நின்னேன். ஜாலரப் பாத்ததும் அவ ஏதோ கேக்க வாயெடுத்தா. அதுக்குள்ள கட்டடத்துக்காரங்க தரப்புல திவேதின்னு ஒரு பெரியவரு, பம்பாய்க்காரரு, "வெரி நைஸ், வெரி நைஸ்"னு ஜாலர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. அவ வாய மூடிக்கிட்டா. ரசனை உள்ளவங்களுக்குத் தான் தெரியும்.

ஹீட்டர் போட்டாங்க. ஏசி போட்டாங்க. ரெண்டும் போட்டா எவ்ளோ சத்தம் தெரியுமா, செண்டை மேளம்லாம் பிச்ச வாங்கணும். கொஞ்ச நேரத்துல பாத்தா, ஜாலர் ஆடுது. மெதுவா, அழகா ஆடுது. எனக்குன்னா ஒரே சந்தோஷம். அனல் மேல வந்து, காத்து வழியில பூந்து, இந்தப் பக்கம் எறங்குது. நான் விட்ட வழி வேலை செய்யுது. பக்கத்துல நின்ன பையன்கிட்டக் கூடக் காட்டினேன்.

அங்க போர்டுல நம்பர் ஏறுது. குளிரா இருக்க வேண்டிய பக்கம் சூடாவுது. ஏசி கம்பெனிக்காரரு ஆப்ரகாம்னு ஒருத்தரு, அவரு "உங்க தெர்மாமீட்டர் தப்பு"ங்கறாரு. திவேதி "உங்க ஏசி தப்பு, மொத்தத்தையும் மாத்து"ங்கறாரு. எல்லாம் இங்கிலீஷ்ல. எல்லாரும் என் பொண்ண பாக்கறாங்க. இவ சொல்றது தான் முடிவாம். அவ போர்டப் பாக்கல. ஜாலரப் பாத்துக்கினு நிக்கறா. அப்புறம் என்னைப் பாத்தா.

அந்தப் பார்வைய எப்படி சொல்றது. சின்னதுல ஒரு தடவ அவ சைக்கிள நான் ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சுப் போட்டுட்டு மாட்டத் தெரியாம உக்காந்திருந்தேன். அப்ப பாத்தாளே, அந்த மாதிரி. கோவம் இல்ல. கோவமா இருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.

ஏணி கொண்டாரச் சொன்னா. அவளே ஏறினா. ஜாலரத் தூக்கிட்டு உள்ள கைய வெச்சா. வெச்ச கைய எடுக்கவேயில்ல. கீழ இவ்ளோ ஜனம் நிக்குது, அவ செவுத்தப் பாத்து நின்னுக்கினு இருக்கா. என்னா யோசிச்சாளோ. அப்புறம் எறங்கி வந்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா, "ஏசியில தப்பில்ல. தடுப்புல லீக் இருக்கு." எங்கிட்டத் திரும்பி, "சார், மேல இடைவெளி விட்டிருக்கீங்க. அடைக்கணும்."

லீக். லீக்னா தமிழ்ல என்னா சார்? ஒழுகல். கோதண்டம் போட்ட பந்தல் ஒழுகுதுன்னு என் பொண்ணு சொல்றா. இந்தக் கையால போட்ட பந்தல்ல ஒரு சொட்டு ஒழுகினதில்ல. மாதவரத்துல ஒரு வாட்டி ஒழுகிச்சு, அது மழை இல்ல, மாடியில எவனோ துணி தொவச்சான். இவ ஏசிக்காரன் மேல பழியப் போட்டிருந்தா முடிஞ்சுது. திவேதியே அத தான சொல்லிக்கினு இருந்தாரு? ஆப்ரகாம் யாரு நமக்கு, மாமனா மச்சானா?

எனக்கு வந்துதே ஆத்திரம். "பாப்பா, அது லீக் இல்ல, காத்து வழி. நான் தான் விட்டேன்"னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாத் தான் சொன்னேன். மிஷின் சத்தத்துல காதுல வுழணும் இல்ல.

ஆப்ரகாம் தான் மொதல்ல சிரிச்சாரு. திவேதி "வாட் இஸ் பாப்பா?"ன்னு கேட்டாரு. யாரோ சொன்னாங்க, சின்னக் கொழந்தையக் கூப்பிடறதுன்னு. அவரு என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. நான் மறைப்பேனா? "எஸ் சார், மை டாட்டர்"னு நெஞ்ச நிமித்தி சொன்னேன். பெருமையாத் தான் சொன்னேன். அவ முகம் செவந்து போச்சு. ஹாலு சூடு அப்படி. ஹீட்டரு பூரா எரியுதில்ல.

அப்புறம் என்னை வெளிய நாற்காலி போட்டு உக்கார வெச்சுட்டாங்க. என் பசங்கள வெச்சே ஜாலரப் பிச்சு எறிஞ்சுட்டு, ஏணி மேல ஏறி அவளே டேப்பு ஒட்டினாளாம். மறுபடி ஓட்டினாங்க. நம்பர் நின்ன எடத்துல நின்னுச்சாம். ஒரு ஏசிய அணைச்சாங்க, அப்பவும் நின்னுச்சாம். சோதனை பாஸு. யாரு பந்தல்ல பாஸு? கோதண்டம் பந்தல்ல. அத யாரும் சொல்லல.

அதுக்கப்புறம் அந்த எடத்துல எல்லாருமே அவளைப் பாப்பான்னு தான் கூப்பிட்டாங்களாம். ஆப்ரகாம் போன்லயே "பாப்பா மேடம் இருக்காங்களா"ன்னு கேப்பாராம். நல்லது தான சார். பிரியம் இல்லாமயா கூப்பிடுவாங்க? கொஞ்ச நாள்ல அவளே கேட்டு ஓசூருக்கு மாத்திக்கினு போயிட்டா. பிரமோஷன்னு தான் நான் நெனைச்சேன். மங்கை சொல்றா, மங்கை என் வீட்டுக்காரி, அங்க போயும் வேற ஒருத்தர் பின்னாடி தான் நிக்கறாளாம். அப்பனக் கூட்டியாந்து வேலை குடுத்தவள்னு பேச்சு முன்னாடியே போய்ச் சேந்துடுச்சாம். மங்கைக்கு எல்லாம் தெரியும். டெய்லி போன்ல பேசறாங்க, அடுப்படியில கதவ சாத்திக்கினு. நான் பேசறதில்ல. அவ கூப்பிட்டா பேசுவேன். கூப்பிடுவா, மங்கை போனுக்கு.

மங்கை ஒரு நாள் பாத்திரம் வெளக்கிக்கினே சொன்னா. "அவ உன்ன சார்னு கூப்பிட்டது உன்னத் தள்ளி வெக்கறதுக்கு இல்ல. சார்னு இருந்திருந்தா அது எவனோ ஒரு பந்தக்காரன் பண்ண தப்பு, அடைச்சிட்டுப் போயிருப்பாங்க. நீ பாப்பான்னு வாயத் தெறந்த, அப்பன் தப்பாப் போச்சு. அவ உன்ன மறைச்சு வெச்சா, நீயே வந்து எட்டிப் பாத்துட்ட." இவளுக்குத் தொழில் தெரியுமா சார்? பந்தலப் பத்தி ஒரு வார்த்தை இல்ல அதுல, கவனிச்சீங்களா?

அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல, "அப்பா, இடைவெளி விடாத, கைய வெச்சா காத்து தெரியக் கூடாது"ன்னு. அப்ப நான் விட்டிருப்பேனா? சொன்னா தான். வீட்ல சொன்னா. வீட்ல சொல்றத எல்லாம் யாரு சார் காதுல போட்டுக்கறாங்க?

இது வேலூர் தாண்டிட்டுதா? ஆம்பூரா. சரி சரி.

போன வாரம் மங்கை சோறு போடறப்ப, எனக்கு இல்ல, பக்கத்துல இருந்த செவுத்துக்கு சொல்ற மாதிரி சொன்னா. பொண்ணுக்கு மேல இருக்கறவரு ஏதோ ஆப்பரேஷனுக்கு லீவு போட்டாராம். ஓசூர்ல சோதனைய இவளையே முன்ன நின்னு பண்ணச் சொல்லிட்டாங்களாம். அங்கயும் கண்ணாடி வரல, அங்கயும் பிளாஸ்டிக் தான். டேப்பு போட்டு ஒட்டறாங்க, அனல் பட்டதும் உரிஞ்சுக்கினு வருதாம். எனக்கென்னா போச்சு, கொழம்ப ஊத்துன்னேன்.

மறுநாள் டெய்லர் கடைப் பக்கம் சும்மா போனேன். போன எடத்துல, பழைய சீட்டு ஒண்ண ரெட்டையா மடிச்சு, பை தைக்கற ஊசியில ரெண்டு வரிசை தையல் ஓட்டு விட்டா எப்படி இருக்கும்னு பாத்தோம். நல்லாத் தான் வந்துது. மேல் ஓரத்துக்கு ஒட்டற பட்டை, செருப்புல வருமே, அத வெச்சுத் தெச்சோம். அடிக்கு மணல் ரொப்பின பை, தரையோட ஒக்காந்துக்கும். தீப்பிடிக்காத சீட்டு எங்க கெடைக்கும்னு ஆப்ரகாமத் தான் போன் போட்டுக் கேட்டேன். நல்ல மனுஷன். "பாப்பாவுக்கா?"ன்னு கேட்டாரு. "எழிலரசிக்கு"ன்னேன். என் வாயில அந்தப் பேரு அப்ப தான் மொதல்ல வந்துது. காத்து வழி? விடல சார். எங்கயும் விடல. கத்திரிய டெய்லர்கிட்டயே குடுத்துட்டேன்.

ஆமா, பூ வாங்கவும் தான் போறேன். ரெண்டும் தான்.

சார், ஒரு ஒத்தாசை. இந்த மடியில இருக்கறது மேல் மூலையில வர்ற துண்டு. நான் இப்படி அந்த ஏசி மூடிக்கு நேரா விரிச்சுப் புடிக்கறேன், நீங்க இந்தப் பக்கம், தையல் மேல உள்ளங்கைய வைங்க. ஒட்டி வெக்காதீங்க, கொஞ்சம் தள்ளி. ஆங். காத்து வருதா? அவசரப்படாதீங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க, கையப் பாத்து சொல்லுங்க.

வருதா?

எங்க, இந்த முனையிலயா? லேசாவா? இருங்க, நானும் வெக்கறேன். ஆமா. வருது.

பாருங்க, நீங்க சொல்றீங்க, எனக்குக் கோவமே வரல. நீங்க யாரோ, சார். வருதுன்னா வருது, வரலன்னா வரலன்னு சொல்லிட்டீங்க. அவளும் அத தான சொன்னா. இல்ல? அன்னிக்கு ஏணி மேல கைய எடுக்காம நின்னாளே, வரலன்னு சொல்லிடலாமான்னு தான் யோசிச்சிருப்பா. இப்ப தான் தோணுது. அப்பன் மானம் ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம். பாவம் சார்.

ஊசி நூலு இருக்குது, மேல் பாக்கெட்லயே வெச்சிருக்கேன். இந்த முனைய கெட்டியாப் புடிச்சுக்குங்க. ஓசூர் வர்றதுக்குள்ள இன்னொரு ஓட்டு விட்டுடலாம். அவ சீட்டப் பாக்க மாட்டா, தையலப் பாக்க மாட்டா, நேரா கையத் தான் வெப்பா.

வாசல்ல போய் என்னா சொல்றதுன்னு நெனைச்சு வெச்சிருக்கேன். அவளாக் கூப்பிடல, மங்கை கிட்டயும் சொல்லிட்டு வரல, நேரா போய் நிக்கப் போறேன். அங்க நாலு பேரு இருப்பாங்க. யாரோ பந்தக்காரன் வந்திருக்கான்னு தான் இருக்கணும். "எழிலரசி மேடம், வணக்கம். கோதண்டம் பந்தல். கைய வெச்சுப் பாருங்க, காத்து வருதான்னு." அவ்ளோ தான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது. அவ சார்னு கூப்பிட்டா, சொல்லுங்க மேடம்னு நிக்கணும்.

வீட்ல கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்தேன். பஸ்ஸு ஏறினதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிக்கினு தான் வர்றேன். உங்ககிட்ட இவ்ளோ பேசினதே அத மறக்கத் தான். பேரு சரியா வருது, மேடம் சரியா வருது. கைய வெச்சுன்னு வர்ற வரைக்கும் ஒரு தப்பில்ல. அதுக்கப்புறம், "கைய வெச்சுப் பாரு பாப்பா"ன்னு தான் சார் முடியுது.